வீட்டில் இசை அமைப்போருக்குக் கைக்கெட்டும் விலையில் ஸ்டிரிங்ஸ் சாம்பிள் லைப்ரரிகள்: பாமாலைக்கு எது, கீர்த்தனைக்கு எது?

கோத்தகிரி_ஆர்மோனியம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழு இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பாடல்களைப் பதிவு செய்து வெளியிட இருக்கிறது. அதற்கான பின்னணி இசையை வீட்டிலிருந்தே அமைத்துத் தரும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன். நான்கு குரல்களில் பாடப்படும் பாமாலைகளும், ராகத்தோடு பாடப்படும் கீர்த்தனைகளும் தொகுப்பில் கலந்தே வருகின்றன. என் கீபோர்டுக்குள் இருக்கும் ஸ்டிரிங்ஸ் (தந்தி வாத்தியக் குழு) ஒலியைப் பாடகர்களின் குரலுக்குப் பின்னால் வைத்துக் கேட்டால், எல்லாச் சுரங்களும் ஒரே அளவில், ஏற்ற இறக்கமில்லாமல் நீள்கின்றன. ஆகவே, உண்மையான வாத்தியக் குழுவின் வாசிப்பைப் பதிவு செய்து உருவாக்கிய சாம்பிள் லைப்ரரி ஒன்றுக்கு மாற விரும்புகிறேன்.

என்னிடம் இருப்பவை 8 ஜிபி ராம் கொண்ட மடிக்கணினி, பாதிக்கு மேல் நிரம்பிவிட்ட 512 ஜிபி எஸ்எஸ்டி, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், மாட் வீல் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றும் சக்கரம்) உள்ள சிறிய மிடி கீபோர்டு, ஒரு ஹெட்போன். செலவழிக்க இப்போது முடிந்தது ஐயாயிரம் ரூபாய். மிகவும் அவசியமென்றால் அடுத்த ஆண்டு கூடுதலாக ஒதுக்க முடியும். மழை பிடித்துவிட்டால் தகரக் கூரையின் கீழ் மைக் வைக்க முடியாது என்பதாலும், ஊரில் கர்நாடக வயலின் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைத் தவிர வேறு தந்தி வாத்தியக் கலைஞர்கள் இல்லை என்பதாலும் சாம்பிள்களை நம்பித்தான் இந்த வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. மலைச்சரிவில் இருக்கும் வீடு என்பதால் இணைய வேகமும் குறைவு. எதை எடுத்தால் இந்த இரண்டு வகைப் பாடல்களுக்கும் பொருந்தும்?

உதகை_செல்லோ

தம்பி, விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் பாடல்களை இரண்டு கட்டாகப் பிரித்து வையுங்கள். பாமாலைக்கு வேண்டிய லைப்ரரியும் கீர்த்தனைக்கு வேண்டிய லைப்ரரியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் பொருந்தும் ஒன்றைத் தேடத் தொடங்கினால் பணம்தான் கரையும்.

முதலில் பாமாலையை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு குரல்களும் தந்தி வாத்தியப் பிரிவுகளில் அப்படியே சென்று அமர்ந்துகொள்ளும். சொப்ரானோ முதல் வயலினுக்கு, ஆல்ட்டோ இரண்டாம் வயலினுக்கு, டெனர் வியோலாவுக்கு, பாஸ் செல்லோவுக்கு. வயலினின் மிகக் கீழான சுரம் 196 ஹெர்ட்ஸில் இருக்கும் ஜி. பாமாலைகளில் ஆல்ட்டோ பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்குவதில்லை. டெனர் தொடும் இடங்களெல்லாம் வியோலாவின் எல்லைக்குள் அடங்கிவிடும். டபுள் பாஸ், செல்லோவுக்கு எழுதியதையே ஒரு ஸ்தாயி கீழே இரட்டித்து வாசிக்கும். இப்படி நான்கு வரிகளையும் தனித்தனி டிராக்கில் எழுதுவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. லைப்ரரியின் தரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. வயலின் பிரிவின் ஒலியைத் திறந்து, இரண்டு கைகளாலும் நான்கு சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டாக அழுத்துகிறோம். அந்த ஒலி 16 வயலின்கள் சேர்ந்து வாசித்ததாக இருந்தால், நாம் அழுத்திய கார்டில் 64 வயலின்கள் ஒலிக்கின்றன. உலகில் எந்த ஆலயத்திலும் அப்படி ஒரு குழு உட்கார்ந்ததில்லை. கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், அந்த ஒலி தடித்து, பாடகர்களின் உச்சரிப்பை மூடிவிடுவதை அவர் உணர்ந்துவிடுவார்.

இந்த வேலைக்கு ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் போதும் என்பது என் உறுதியான கருத்து. 2020இல் அது வெளிவந்தபோது 49 டாலர் கொடுத்தோ, ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு 14 நாட்கள் காத்திருந்தோ பெற வேண்டியிருந்தது. இப்போது கட்டணமின்றியே கிடைக்கிறது. லண்டனில் உள்ள மைடா வேல் ஸ்டூடியோவில், முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்ற முழு அமைப்பில், ஒவ்வொரு பிரிவும் தன் வழக்கமான இருக்கையிலேயே அமர்ந்து வாசித்துப் பதிவான ஒலி அது. அதே பதிவின் புரொஃபெஷனல் பதிப்பு ஏறத்தாழ 600 ஜிபி இடம் கேட்கும். டிஸ்கவர் பதிப்போ சுமார் 200 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் இணைய வேகத்துக்கும் 8 ஜிபி ராமுக்கும் இதைவிட ஏற்றது எனக்குத் தெரியவில்லை. நீண்ட வில்வீச்சு, ஸ்பிக்காட்டோ (வில் துள்ளும் குறுஞ்சுரம்), பிட்சிக்காட்டோ (விரலால் மீட்டுவது), ட்ரெமோலோ (வில்லின் வேகமான நடுக்கம்) ஆகியவை இருக்கின்றன. இரண்டு சுரங்களை இணைக்கும் லெகாட்டோ இதில் இல்லை. ஆனால் பாமாலையில் மெட்டைக் குரல்கள் ஏந்திச் செல்வதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

மாட் வீலை ஒரு நொடிகூடச் சும்மா வைக்காதீர்கள். பாடகர்கள் மூச்செடுக்கும் இடத்தில் ஒலி தணிய வேண்டும், சொற்றொடரின் உச்சியை நோக்கி ஏற வேண்டும், முடிவில் கரைய வேண்டும். உங்கள் கீபோர்டு ஒலியில் நீங்கள் கண்ட குறை பாதிக்கு மேல் இந்தச் சக்கரத்தை அசைப்பதிலேயே நீங்கிவிடும்.

கீர்த்தனையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்குச் சற்று விளக்கம் தேவைப்படுகிறது.

மஞ்சூர்_மாணவன்

செல்லோ ஐயா சொன்னதோடு, முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு வழியையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எஸ்எஃப்இசட் என்ற திறந்த வடிவத்தில் உள்ள லைப்ரரிகளை, பிளோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச பிளக்-இன்னில் (ரீப்பருக்குள் இயங்கும் துணை மென்பொருளில்) திறந்து வாசிக்கலாம். மேட்டியாஸ் வெஸ்ட்லண்ட் உருவாக்கிய சொனட்டினா சிம்பொனிக் ஆர்கெஸ்ட்ரா, வெர்சிலியன் ஸ்டூடியோஸின் விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றிலிருந்தும் வேறு சில இலவசப் பதிவுகளிலிருந்தும் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து, பால் பேட்டர்ஸ்பி என்பவர் வெர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ரா என்ற தொகுப்பை அமைத்திருக்கிறார். நான் மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், புதிதாக வருபவர்கள் நேராகப் பேட்டர்ஸ்பியின் தொகுப்புக்கே போகலாம் என்பேன். சுரத்துக்குச் சுரம் ஒலியளவு மாறுபடுவது போன்ற தொல்லைகள் அதில் குறைவு.

இவற்றின் மிகப் பெரிய வசதி, எஸ்எஃப்இசட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதுதான். நோட்பேடில் திறந்து, ஒலி எழும் வேகத்தையும் அடங்கும் வேகத்தையும், சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் வீல் எத்தனை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வரை வளைக்க வேண்டும் என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும். ஒரு முறை இறக்கிவிட்டால் அதன்பின் இணையமே தேவையில்லை. மழைக்காலத்தில் நாட்கணக்கில் சிக்னல் இல்லாமல் இருக்கும் எங்கள் பக்கத்தில் இது சிறிய விஷயமல்ல.

ஒலியின் நுணுக்கத்தில் இவை பிபிசி டிஸ்கவருக்கு ஈடாகா என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெதுவான, திறந்த பகுதிகளில் தனியாக ஒலிக்க விட்டால் வெளுத்துத் தெரியும். ஆர்கன், பியானோவோடு சேர்ந்து நடுவில் நிற்கும் வியோலா, செல்லோ வரிகளுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

குன்னூர்_மிக்ஸ்

இலவச லைப்ரரிகளைக் கலக்கும்போது அறையொலியைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு மிக்ஸ் செய்பவர்தான் திண்டாடுவார்.

மைடா வேலில் பதிவான ஒலிக்குள் அந்த ஸ்டூடியோவின் எதிரொலி ஏற்கெனவே கலந்திருக்கிறது. விஎஸ்சிஓ போன்றவற்றில் அறையொலி அந்த அளவுக்கு இல்லை. வியன்னா சிம்பொனிக் லைப்ரரியின் பழைய தொகுப்புகள், சைலண்ட் ஸ்டேஜ் என்று அவர்கள் அழைக்கும் கூடத்தில், எதிரொலியை வேண்டுமென்றே அடக்கிப் பதிவு செய்யப்பட்டவை. அறை நிறைந்த ஒன்றையும் அறை இல்லாத ஒன்றையும் அருகருகே வைத்தால், ஒரு வயலின் கூடத்தின் கடைக்கோடியிலிருந்தும் இன்னொன்று காதருகிலிருந்தும் வாசிப்பதாகவே கேட்கும். அறை நிறைந்த ஒலியிலிருந்து எதிரொலியை நீக்குவது ஏறத்தாழ முடியாத காரியம். உலர்ந்த, அதாவது அறையொலி இல்லாத, ஒலிக்கு அறையைச் சேர்ப்பதோ எளிது. ஆகவே அறை நிறைந்த லைப்ரரியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, உலர்ந்தவற்றை மட்டும் ஒரு ரீவெர்ப் (எதிரொலி சேர்க்கும் கருவி) வழியாக அனுப்பி அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ரீப்பருடன் வரும் ரியாவெர்ப் (ReaVerb) என்ற கன்வல்யூஷன் (கூடத்தின் எதிரொலிப் பதிவைப் பயன்படுத்தும்) பிளக்-இன்னே இதற்குப் போதுமானது. உலர்ந்தவற்றை இடம் வலமாக நகர்த்துவதும் உங்கள் பொறுப்பு. வயலின்கள் இடப்புறம், செல்லோவும் பாஸும் வலப்புறம் என்பது வழக்கமான அமைப்பு.

ஆலயத்தில் ஒலிபெருக்கியில் ஒலிக்கப்போகிறதென்றால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். டபுள் பாஸின் கீழ்ச்சுரமான ஈ, 41 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் சிற்றாலயங்களில் இருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அதைத் தெளிவாகக் கொடுப்பதில்லை. டபுள் பாஸை மட்டும் நம்பி அடித்தளத்தை அமைத்தால், ஹெட்போனில் நிறைந்து கேட்ட பாடல் ஆலயத்தில் காலில்லாமல் நிற்கும். செல்லோவின் வரிதான் உண்மையான தாங்குதூண். அதைத் தெளிவாக வையுங்கள்.

கொடை_ஏரிச்சாலை

நான் குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் பின்னணி இசை அமைப்பவள். இங்கே நடக்கும் விவாதம் பயனுள்ளதாக இருந்தாலும், இலவசமானவற்றையே சேர்த்துக்கொண்டு போவது நல்ல வழி என்ற கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. லைப்ரரிக்கு லைப்ரரி மாட் வீலின் நடத்தை மாறும், ஒலியளவு மாறும், சுரம் எழும் வேகம் மாறும். அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருத்துவதிலேயே மாலைகள் கழிந்துவிடும். ஒரே ஒரு நல்ல லைப்ரரியை வாங்கி, அதன் குணங்கள் விரலுக்குப் பழகும்வரை அதிலேயே எழுதுபவருக்கு இசை விரைவில் கைவரும் என்பது என் அனுபவம்.

குறிப்பாக, மெட்டை ஸ்டிரிங்ஸே ஏந்திச் செல்லும் இடங்களில் லெகாட்டோவுக்கு மாற்று இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வில்லும் விரலும் நகரும் அந்தக் கண இடைவெளியையே தனியாகப் பதிவு செய்து வைப்பதுதான் அசல் லெகாட்டோ. 2000களின் தொடக்கத்தில் வியன்னா நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய பிறகுதான் சாம்பிள் இசையின் முகமே மாறியது. இன்று இவ்வகையில் பலரும் பரிந்துரைப்பது 2016இல் வந்த சினமேட்டிக் ஸ்டூடியோ ஸ்டிரிங்ஸ். சிட்னியின் டிராக்டவுன் கூடத்தில் 10 முதல் வயலின், 7 இரண்டாம் வயலின், 7 வியோலா, 6 செல்லோ, 5 டபுள் பாஸ் என்ற நடுத்தரக் குழுவைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. குழு சிறியதாக இருப்பதால் வரிகள் தெளிவாகக் கேட்கும். குரலை மூடாது. அதன் விலை 399 டாலர். விற்பவர் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து வாங்கினால் 40,000 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். கைக்கெட்டும் விலை என்று இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் 3,000, 4,000 என்று சிறு சிறு லைப்ரரிகளாகச் சில ஆண்டுகளில் வாங்கிக் குவித்த நண்பர்கள் பலர் இந்தத் தொகையைத் தாண்டிச் செலவழித்திருக்கிறார்கள். அவற்றில் எதையும் அவர்கள் இன்று திறப்பதில்லை.

அவ்வளவு முடியாதென்றால் ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் நிறுவனத்தின் சைன் பிளேயர் என்ற மென்பொருள் வழியாக வாங்குவதைப் பரிந்துரைக்கிறேன். பெர்லினின் டெல்டெக்ஸ் ஸ்டூடியோவில் பதிவான அவர்களுடைய தொகுப்புகளிலிருந்து, முழுத் தொகுப்பையும் வாங்காமல், வேண்டிய வாத்தியத்தை மட்டும் தனியாக வாங்க வழி இருக்கிறது. மைக் நிலைகளிலும் (அருகிலும் தொலைவிலும் வைத்த மைக்குகளின் தனித்தனிப் பதிவுகள்) தேவையானதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். மெதுவான இணையம் உள்ள நமக்கு இது மிகப் பெரிய உதவி. நல்ல லெகாட்டோ உள்ள வயலின் பிரிவு ஒன்றை மட்டும் வாங்கி, மற்ற பிரிவுகளை இலவசமானவற்றால் நிரப்புவது நியாயமான நடுவழி.

நவம்பர் கடைசி வாரத்துத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது நல்லது. ஆனால் உங்கள் பாடல்கள் கிறிஸ்துமஸுக்கு வெளிவர வேண்டும் என்பதால், அதற்குள் பாடல்களை எழுதி முடித்துவிட்டு, ஒலியை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்கூட்டியே திறந்து வையுங்கள். பெரும்பாலான அட்டைகளில் அது மூடப்பட்டே இருக்கும்.

உதகை_செல்லோ

கொடை அம்மா சொல்வதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரே லைப்ரரியில் தொடர்ந்து எழுதிப் பழகுவது அவசியம். ஆனால் அந்த ஒன்று விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிபிசி டிஸ்கவரில் எழுதிய பாடலை, பிற்காலத்தில் அதே வரிசையின் கோர் பதிப்பிலோ புரொஃபெஷனல் பதிப்பிலோ திறந்து தொடர முடியும் என்பதால், இன்று இலவசமாகக் கற்ற விரல் பழக்கம் வீணாகாது. லெகாட்டோ தேவைப்படும் நாளில் மேலே ஏறிக்கொள்ளலாம்.

இனி கீர்த்தனை. இதில் மட்டும் எவ்வளவு விலை கொடுத்தாலும் லைப்ரரியால் நிறைவு கிடைக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரக் காணொளிகளில் இதை யாரும் சொல்வதில்லை.

இந்த லைப்ரரிகளில் ஒவ்வொரு சுரமும் அசையாத நிலையில், மேற்கத்திய முறை விப்ராட்டோவோடு (சுரத்தைச் சுற்றிய சீரான சிறு அதிர்வோடு) பதிவாகியிருக்கிறது. லெகாட்டோ என்பதும் ஒரு நிலைச்சுரத்திலிருந்து இன்னொரு நிலைச்சுரத்துக்குச் செல்லும் பாதைதான். நம் கமகத்திலோ சுரத்தின் உயிரே அந்த அசைவில் இருக்கிறது. காந்தாரம் ரிஷபத்தையும் மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு நிற்கும்போது அங்கே நிலையான புள்ளி என்று ஒன்று இல்லை. பிட்ச் வீலை வைத்து அதைச் செய்ய முயன்றால் மூன்று கேடுகள் சேர்ந்து வரும். வாத்தியத்தின் மரப்பெட்டிக்கு உரிய அதிர்வுகள், சுரம் எப்படி அசைந்தாலும் தம் இடத்திலேயே நிற்க வேண்டியவை. வீல் அவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். பதிவிலேயே இருக்கும் விப்ராட்டோ, மேலே வளைக்கும்போது வேகமாகவும் கீழே வளைக்கும்போது மெதுவாகவும் மாறும். ஒலிக்குள் கலந்திருக்கும் கூடத்தின் எதிரொலியும் சுரத்தோடு சேர்ந்து வளைவதால், அறையே சாய்வதுபோல் கேட்கும். அரைச்சுரம் அளவுக்குள் மெல்ல வளைத்தால் காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும்.

உங்கள் ஊரிலேயே வயலின் ஆசிரியை இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கீர்த்தனைகளின் மெட்டை அவர் ஒருவரே வாசிக்கட்டும். சாம்பிள் செல்லோவும் டபுள் பாஸும் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அடியில் தாங்கிப் பிடிக்கட்டும். வியோலா தேவையான இடங்களில் மட்டும், ராகத்தைக் கெடுக்காத ஒற்றைச் சுரங்களை நீட்டட்டும். காந்தாரமோ நிஷாதமோ அசையும் ராகத்தில் அந்தச் சுரத்தைப் பின்னணியில் அசையாமல் நீட்டினால், பாடுபவரோடு மோதிக்கொண்டே இருக்கும். கார்டு போட்டே தீர வேண்டும் என்ற பழக்கத்தைக் கீர்த்தனையில் விட்டுவிடுவதுதான் நல்லது.

சுருதியையும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பாடகர்கள் ஐந்து கட்டையில் பாடினால் அது ஜி. ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப். எந்தச் சுருதியானாலும் சாம்பிள்கள் ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற அளவை ஒட்டியே நிற்கும். பழைய ஆர்மோனியத்தை வைத்துச் சுருதி சேர்த்தால் அது சற்று விலகியிருக்கக்கூடும். பதிவு நாளில் எல்லோரும் கணினியின் சுருதிக்கே சேர்ந்துகொள்ள வேண்டும்.

கூடலூர்_பச்சை

இடையில் ஒரு கேள்வி. தேயிலைத்தூள் விற்கும் நண்பர் ஒருவர் தன் விளம்பரக் காணொளிக்கு ஒரு நிமிட இசை கேட்டிருக்கிறார். மேலே சொல்லப்பட்ட இலவச லைப்ரரிகளைப் பயன்படுத்திக் காசு வாங்கலாமா?

மஞ்சூர்_மாணவன்

இலவசம் என்பதற்குள் பல வகை உரிமங்கள் இருக்கின்றன. விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் சிசி0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை, பெயர் குறிப்பிடவும் தேவையில்லை. சொனட்டினா வெளியானது கிரியேட்டிவ் காமன்ஸின் சாம்ப்ளிங் பிளஸ் 1.0 உரிமத்தில். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு அந்த உரிமத்தை 2011இல் ஓய்வு பெறச் செய்துவிட்டாலும், அதன்கீழ் வெளியானவற்றுக்கு அதன் நிபந்தனைகள் தொடர்கின்றன. அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதித்தாலும் விளம்பரத்தை விலக்கி வைக்கிறது. வெர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ராவில் பல மூலங்கள் கலந்திருப்பதால், அதில் எந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்று அதனுடன் வரும் குறிப்பைப் பார்த்தே எடுக்க வேண்டும். உங்கள் நண்பரின் வேலைக்கு விஎஸ்சிஓ அல்லது பிபிசி டிஸ்கவர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொடை_ஏரிச்சாலை

நிறுவனங்களின் லைப்ரரிகளுக்கு ஒரு பொது விதி உண்டு. அவற்றைக் கொண்டு நீங்கள் இயற்றிய இசையை விற்கலாம். சாம்பிள்களைத் தனித்தனியாக எடுத்து விற்கவோ பகிரவோ கூடாது. நண்பரின் ஹார்டு டிஸ்கிலிருந்து லைப்ரரியை நகலெடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. நல்ல ஒலிகள் இலவசமாகவே கிடைக்கும் இந்தக் காலத்தில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

மாதச் சந்தா பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனத்தின் கம்போசர்கிளவுட் மாதச் சந்தாவுக்கு ஹாலிவுட் ஸ்டிரிங்ஸ் உட்படப் பெரும் குவியலைத் திறந்துவிடுகிறது. ஒலி சிறப்பானது. ஆனால் சந்தாவை நிறுத்திய மாதத்திலிருந்து பழைய பாடல்களைத் திறந்தால் ஸ்டிரிங்ஸ் ஒலிக்காது. ஆண்டுக்கொரு முறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் வேலை செய்பவர் இந்த வழியில் போனால், முடித்த டிராக்குகள் ஒவ்வொன்றையும் ஆடியோவாக மாற்றிச் சேமித்துவிட வேண்டும்.

குன்னூர்_மிக்ஸ்

சாம்பிள்களைத் திறந்து வாசிக்கும் கான்டாக்ட் என்ற மென்பொருள் தேவைப்படும் லைப்ரரி எதையாவது வாங்க நினைத்தால், அது இலவச கான்டாக்ட் பிளேயரில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பிளேயருக்கென்று உரிமம் பெறாத லைப்ரரியை அதில் திறந்தால் 15 நிமிடங்களில் நின்றுவிடும். முழு கான்டாக்டின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த லைப்ரரி மலிவாக இருக்காது. புராஜெக்ட்சாம் நிறுவனத்தின் தி ஃப்ரீ ஆர்கெஸ்ட்ரா இலவச பிளேயரிலேயே ஓடும். குழுவாக ஒலிக்கும் கனமான ஸ்டிரிங்ஸ் அதில் உண்டு என்றாலும், குரல் குரலாகப் பிரித்து எழுதும் பாமாலைக்கு அது ஏற்றதல்ல.

கோத்தகிரி_ஆர்மோனியம்

ஐயா, அக்கா, தம்பி, அனைவருக்கும் மிக்க நன்றி. டிஸ்கவரை இறக்கி, ஒரு பாமாலையை நான்கு வரிகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். கார்டாக அழுத்தியபோது கேட்ட இரைச்சல் போய், வியோலாவின் வரி முதல் முறையாகத் தனியாகக் காதில் விழுகிறது. எங்கள் டெனர் பாடகர்கள் அதைக் கேட்டுத் தங்கள் வரியைத் திருத்திக்கொண்டார்கள். வயலின் ஆசிரியையும் கீர்த்தனைகளுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் குழுவில் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தவர்கள் இருப்பதால், மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறி எழுதும் மென்பொருளில் எழுதி அதன் ஒலியையே பயன்படுத்தலாமா? மற்றொன்று, தாளக்கோட்டில் மிகச் சரியாக வைத்தாலும் நீண்ட சுரங்கள் பாடகர்களுக்குப் பின்னால் இழுபடுவதாகத் தோன்றுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

உதகை_செல்லோ

மியூஸ்ஸ்கோர் பற்றி நான் சொல்கிறேன். 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்போடு மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித்தொகுப்பும் இலவசமாக வந்தது. தாளில் எழுதிய இணைப்புக்கோடுகளையும் ஏற்ற இறக்கக் குறிகளையும் அதுவே படித்து வாசிப்பதால், ஸ்டிரிங்ஸ் வியக்கத்தக்க வகையில் இயல்பாக ஒலிக்கிறது. ஆனால் அந்த ஒலிகளை மியூஸ்ஸ்கோருக்கு வெளியே, ரீப்பரில் பிளக்-இன்னாகத் திறக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் ஆடியோவாக ஏற்றுமதி செய்து ரீப்பருக்குக் கொண்டுவரலாம். பாடகர்கள் ஒரு வரியின் முடிவில் நீட்டி நிற்பது போன்ற வேக மாற்றங்களை அங்கே பிறகு திருத்துவது கடினம். பயிற்சிக்கான ஒலிக்கோப்புகளை மியூஸ்ஸ்கோரிலும், வெளியீட்டுக்கான பதிவை ரீப்பரிலும் செய்துகொள்ளுங்கள். பயிற்சிக் கோப்பில் ஆல்ட்டோவுக்கு ஆல்ட்டோ வரியை மட்டும் உரக்க வைத்துக் கொடுக்க முடியும் என்பது பாடகர் குழுவுக்குப் பெரிய வரம்.

குன்னூர்_மிக்ஸ்

இழுபடுவது உங்கள் வாசிப்பின் குறையல்ல. வில் தந்தியைப் பற்றி ஒலி முழுமையாக எழச் சிறிது நேரம் ஆகும், பதிவிலும் அந்த நேரம் அடங்கியிருக்கிறது. சினமேட்டிக் ஸ்டூடியோ ஸ்டிரிங்ஸில் லெகாட்டோவின் தாமதம், வாசிக்கும் விசையைப் பொறுத்து ஏறத்தாழ 333, 250, 100 மில்லி நொடிகள் என மூன்று வகையாக இருக்கும். டிஸ்கவரில் லெகாட்டோ இல்லாததால் அவ்வளவு இராது. ஆனாலும் மெல்ல எழும் நீண்ட சுரத்தில் காதுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும்.

ரீப்பரில் ஒவ்வொரு டிராக்குக்கும் ஒலிப்பு நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு இருக்கிறது. டிராக்கின் ரூட்டிங் சாளரத்தைத் திறந்தால் மில்லி நொடியில் கொடுக்கலாம். நீண்ட வில்வீச்சுக்கு ஒரு டிராக், ஸ்பிக்காட்டோவுக்கும் பிட்சிக்காட்டோவுக்கும் வேறு டிராக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இவற்றின் தாமதங்கள் ஒன்றல்ல, ஒரே டிராக்கில் வைத்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது முந்திக்கொள்ளும். நீண்ட சுரங்களின் டிராக்கில் கழித்தல் 60 மில்லி நொடியில் தொடங்கி, பாடகர்களின் குரலையும் சேர்த்துக் கேட்டபடி பத்துப் பத்தாக நகர்த்துங்கள். மெட்ரோனோமை வைத்துச் சரிபார்க்க வேண்டாம், குரலோடு பொருந்தினால் போதும். செல்லோவும் பாஸும் வயலினைவிடச் சற்று மெதுவாக எழுவதால் அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஆசிரியை வாசிக்கும் வயலின் டிராக்கை மட்டும் நகர்த்தாதீர்கள். அவர் பாடகர்களைக் கேட்டே வாசித்திருப்பார்.